புழு ரத்தத்துல வச்ச கிட்னி: நெசமா, வாட்ஸ்அப் கதையா?

உறையூரான் | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். விவரம் தெரிஞ்சவங்க இருக்குற இடம்னு நம்பி எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

எங்க அக்காவுக்கு 44 வயசு. மூணு வருஷமா டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி, காலைல ஆறு மணி ஷிஃப்ட், நாலு மணி நேரம். இடது கையில ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாயை இணைச்சு வச்ச எடம். ஓ பாசிட்டிவ். அம்மாவுக்கு சர்க்கரை, எனக்கு ரெண்டு பக்கமும் கல்லு, மாமா வேற குரூப்பு. வீட்டுக்குள்ள குடுக்க ஆள் இல்லைன்னு ஆனதும் மூளைச்சாவு லிஸ்ட்டுல பதிஞ்சுட்டு உக்காந்திருக்கோம்.

போன வாரம் அத்தை பையன் ஒரு வீடியோ அனுப்பினான். அவங்க காரைக்கால் குடும்பம், பிரெஞ்சு குடியுரிமை. இவன் பிரெஸ்ட்ங்கிற ஊர்ல கப்பல் பட்டறையில இருக்கான். வீடியோ முழுக்க பிரெஞ்சு. கடற்கரைச் சேத்துல ஒருத்தர் மண்வெட்டி போட்டு கருப்பா ஒரு புழுவைத் தோண்டி எடுக்குறாரு. அடுத்த காட்சி லேப்பு. அதுக்கு அடுத்தது ஆபரேஷன் தியேட்டர். "இந்தப் புழு ரத்தத்தை ஊத்தி வச்சா எடுத்த கிட்னி கெடாம இருக்குமாம்டா"ன்னு அவன் குரல் பதிவுல சொன்னான்.

அதை டயாலிசிஸ் யூனிட் வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். அது என் தப்பு. அடுத்த ஷிஃப்ட் அன்னைக்கே காரிடார்ல ஒரு ஆள் வந்து பக்கத்துல உக்காந்தாரு. ஆஸ்பத்திரி ஆள் இல்ல, யாருன்னே தெரியல. புழு ரத்தத்துல ஒரு வாரம் வரைக்கும் வச்சிருக்குற கிட்னி வெளிய இருந்து வருது, முன்பணம் 50,000 கட்டினா லிஸ்ட்டுல மேல ஏத்திக் குடுக்குறேன்னாரு. எனக்கு நம்பிக்கை இல்லைங்க. ஆனா அக்கா அதைக் கேட்டுட்டு அன்னைக்கு ராத்திரி வயித்துக்கு நல்லா சாப்பிட்டா. அதான் பயமா இருக்கு.

இந்தப் புழு விஷயம் உண்மையா? ஒரு வாரம் வைக்க முடியுமா? நம்ம ஆளுக்கு இதனால ஏதாவது ஆகப்போகுதா? இன்னொண்ணு, சிரிக்காதீங்க. எங்களுது முட்டை கூட உள்ள வராத வீடு. "புழு ரத்தம் பட்ட கிட்னியையா வைக்கப்போறாங்க"ன்னு அம்மா ரெண்டு நாளா சாமி ரூமை விட்டு வரல.

ஐஸ்பெட்டி | செவ்வாய், இரவு 11.55

தம்பி, மொதல்ல அந்தக் காரிடார் ஆளு. பத்து பைசா குடுக்காதீங்க. மூளைச்சாவு உறுப்புக்கான வரிசை அரசு ஆணையத்துக்கிட்ட இருக்கு, ஆஸ்பத்திரி மூலமாத்தான் பதிவு. காசு வாங்கிக்கிட்டு மேல ஏத்துறதுன்னு ஒரு வழி கிடையாது. உறுப்புக்குக் காசு கைமாறுறது 1994 சட்டப்படி குத்தம். 2011 திருத்தத்துக்கு அப்புறம் அஞ்சு முதல் பத்து வருஷம் ஜெயில், 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை அபராதம். வாங்குனவனுக்கு மட்டும் இல்ல, குடுத்தவனுக்கும் அதே சட்டம்தான். யூனிட்ல இருக்குற உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்கிட்ட நாளைக்கே சொல்லிருங்க.

இனி புழு. வீடியோ நெசம்தான்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. மதுரை. தியேட்டர் டெக்னீஷியனா 17 வருஷம் உறுப்பு மாற்று தியேட்டர்ல இருந்துட்டு போன சித்திரையில ரிட்டயர் ஆனேன். டாக்டர் இல்ல. ஐஸ் உடைச்சவன்னு வச்சுக்கங்க. நெசமாவே அதுதான் என் வேலையில பாதி. முந்தின நாளே சலைனை ஃப்ரீசர்ல போட்டு கல்லாக்கி வச்சிருப்போம். கேஸ் வந்ததும் ஸ்டெரைல் துண்டுல சுத்தி சுத்தியலால போட்டு அடிக்கணும். கட்டியாவும் இருக்கக்கூடாது, தண்ணியாவும் ஆகக்கூடாது. சர்பத் கடையில ஐஸ் சீவுவான் பாருங்க, அந்தப் பதம். கட்டி கிடந்தா அது பட்ட எடத்துல திசு உறைஞ்சு போயிரும்.

கொடையாளி உடம்புல பெருந்தமனிக்குள்ள குழாயைச் செருகி குளிர்ந்த திரவத்தை விடுவாங்க. அதுவரைக்கும் ஈரல் நிறத்துல இருக்குற கிட்னி கண்ணு முன்னாடி வெளுத்துக்கிட்டே வந்து, ஊற வச்ச மொச்சைக்கொட்டை மாதிரி ஆயிரும். ரத்தம் பூரா வெளிய போயிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் மூணு பை. முதல் பையில திரவத்தோட கிட்னி, ரெண்டாவதுல ஐஸ் கூழ், மூணாவது சும்மா காப்புக்கு. பெட்டியில வச்சு மூடி, மேல ஸ்டிக்கர். நீங்க டிவியில ஆம்புலன்ஸுக்கு ரோட்டை மறிச்சு விடுறதப் பாக்குறீங்களே, அந்தப் பெட்டிக்குள்ள இதுதான் இருக்கும்.

அந்தத் திரவம் 1980களோட கடைசியில அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல பெல்சரும் சவுதர்டும் கண்டுபிடிச்சது, இல்லன்னா அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தமா இருக்குற வேற ஒண்ணு. நல்ல சரக்கு, குறை சொல்ல மாட்டேன். அதனாலதான் கிட்னி ஒரு நாள் தாண்டியும் தாங்குது, ஈரல் பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் தாங்குது. இருதயம் மட்டும் நாலு மணி நேரம் தாண்டினா டாக்டருங்க முகமே மாறிரும்.

ஆனா ஒண்ணு. 4 டிகிரியில உசுரோட வேலை பத்துல ஒரு பங்கா குறையும், நிக்காது. அந்த ஒரு பங்குக்கும் ஆக்சிஜன் வேணும். ஒரு லிட்டர் ரத்தம் 200 மில்லி ஆக்சிஜன் சுமக்கும். அதே ஒரு லிட்டர் உப்புத்தண்ணியில காத்துல இருந்து கரையுறது சில மில்லிதான். அதனால பெட்டிக்குள்ள கிட்னி தூங்குதுன்னு சொல்றதே தப்பு. மூச்சை அடக்கிக்கிட்டு கெடக்கு.

மூச்சடக்கிக் கெடக்குறப்ப செல்லுக்குள்ள பாதி எரிஞ்ச கழிவு சேருது. ஈர விறகை அடுப்புல திணிச்சுட்டா என்ன ஆகும்? எரியாது, புகைஞ்சுக்கிட்டே கெடக்கும். ஊதுகுழலை எடுத்து ஒரு ஊது ஊதினா குப்புனு பிடிச்சு புருவத்தைப் பொசுக்கிட்டுப் போகும். தைச்சு முடிச்சு, ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிச்சிருந்த கிளாம்ப்பை எடுத்து புது ரத்தத்தை உள்ள விடுற நிமிஷம் அந்த ஊது மாதிரிதான். சேந்து கெடந்த அந்தக் கழிவு, சக்சினேட்னு பேரு, மொத்தமும் ஒரே நேரத்துல எரிஞ்சு, செல்லை உள்ளருந்தே சுடுது. ஐஸ்ல கெடந்தப்ப ஆன சேதாரத்தை விட இதுல ஆகுறது சில சமயம் ஜாஸ்தி.

கிளாம்ப் எடுத்ததும் நல்ல கிட்னி ரோஸ் ஆகி, கெட்டியாகி, டேபிள் மேலயே மூத்திரக்குழாயில இருந்து பீச்சி அடிக்கும். பச்சைத் துணியெல்லாம் நனையும், ஒருத்தரும் திட்ட மாட்டாங்க. நேரம் ஆன கிட்னி அங்கங்க நீலம் பாரிச்சு தொளதொளன்னு கெடக்கும். வேலை செய்யாதுன்னு இல்ல, ஆனா எந்திரிக்க நாளாகும். அதுவரைக்கும் டயாலிசிஸ் தொடரும்.

இப்ப அந்தப் புழு. பேரு அரினிகோலா மரினா. ஐரோப்பாக் கடற்கரையில ஓதம் வத்தினா ஈர மணல் மேல இடியாப்பம் புழிஞ்சு வச்ச மாதிரி சின்னச் சின்னச் சுருளா கெடக்கும். அது இந்தப் புழு தின்னுட்டுத் தள்ளின மண்ணு. தூண்டிலுக்கு இரையா மீன்காரங்க காலங்காலமாத் தோண்டுறதுதான். தண்ணி இருக்கும்போது வளைக்குள்ள ஆக்சிஜன் கிடைக்கும். வடிஞ்சுட்டா அடுத்த ஏத்தம் வர்ற வரைக்கும் ஆறு மணி நேரம் ஒண்ணும் கிடையாது. அந்த ஆறு மணி நேரத்தை ரத்தத்துல சேத்து வச்ச ஆக்சிஜனை வச்சே ஓட்டுது.

ஃப்ராங்க் ஸால்னு ஒரு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இதைத்தான் புடிச்சுக்கிட்டாரு. நம்ம ஹீமோகுளோபின் ஒண்ணு நாலு ஆக்சிஜன் மூலக்கூறைத் தூக்கும். இந்தப் புழுவோடது 156. நம்மளுது சிவப்பணுவுக்குள்ள அடைச்சு வச்சிருக்கு. புழுவோடது செல்லு எதுவும் இல்லாம ரத்தத்துல அப்படியே மிதக்குது. செல்லு இல்லைன்னா அதோட தோல் மேல எழுதி வச்சிருக்குற ஏ, பி, ஓ குரூப்பும் இல்ல, யாருக்கு வேணா ஆகும். சிவப்பணுவை விட 250 மடங்கு சின்னதுன்னு கணக்குச் சொல்றாங்க, அதனால சுருங்கின நுண்குழாய்லயும் நுழைஞ்சுரும். இன்னொரு வசதி, 4 டிகிரி குளிர்லயும் ஆக்சிஜனை விட்டுக் குடுக்கும். நம்ம ரத்தத்தை அந்தக் குளிர்ல வச்சா கஞ்சன் கையில காசு மாதிரி, எறங்கவே எறங்காது.

2007ல மோர்லேங்கிற ஊர்ல ஹெமரீனான்னு கம்பெனி ஆரம்பிச்சாரு. உங்க அத்தை பையன் ஊர்ல இருந்து 60 கிலோமீட்டர் வரும், ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டே வரலாம். மருந்து பேரு ஹீமோடூலைஃப். பழைய திரவத்தைத் தூக்கிப் போடுறது இல்ல. அதே திரவத்துல லிட்டருக்கு ஒரு கிராம் கலந்துவிடுறது, அவ்வளவுதான்.

மனுஷ கிட்னியில பாத்த சோதனையும் பிரெஸ்ட் ஊர் டாக்டர் யானிக் லெ மர் தலைமையில நடந்ததுதான். 60 கிட்னி, 2020ல முடிவு வெளிவந்துச்சு. அதுல எனக்குப் புடிச்ச விஷயம், ஒரு கொடையாளிகிட்ட ரெண்டு கிட்னி இருக்குல்ல? ஒண்ணுக்கு இந்த மருந்து, ஜோடிக்கு வழக்கமான முறை. ரெண்டும் ஒரே உடம்பு, ஒரே வயசு, ஒரே சாவு. இதை விட நல்ல தராசு கிடைக்காது. ஆபத்து இல்லாம இருக்கான்னு பாக்குறதுதான் முதல் நோக்கம், அதுல தேறிருச்சு. கூடவே, நான் சொன்னேனே எந்திரிக்க நாளாகுறது, அது மருந்து போட்ட பக்கம் குறைச்சலா இருந்துச்சு. 60ங்கிறது சின்ன எண்ணிக்கை, அதை வச்சு ஆடக்கூடாது. அதனாலதான் அடுத்து பெருசா, சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு இன்னொரு சோதனை ஆரம்பிச்சாங்க. 2022 அக்டோபர்ல ஐரோப்பிய அனுமதியும் வந்துருச்சு.

ஒரு வாரம்னு அந்த ஆள் சொன்னது கப்சா. அந்தச் சோதனையில கிட்னியை வாரக்கணக்கா வச்சிருக்கல. வழக்கமான நேரத்துக்குள்ள வச்ச கிட்னி சேதாரம் குறைச்சலா வந்து சேருதுங்கிறதுதான் பேச்சு.

அம்மாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அக்காவுக்கு ஒவ்வொரு ஷிஃப்ட்டுலயும் ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் போடுறாங்கல்ல, அது பன்னியோட குடல்ல இருந்து எடுக்குறது. மூணு வருஷம், வாரத்துக்கு மூணு தடவை. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல. புழு மருந்தாவது கிட்னியை வைக்கிறதுக்கு முன்னாடி கழுவி விட்டுட்டுத்தான் வைப்பாங்க.

(இதை அம்மாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.)

மரக்காணம் இறால் | புதன், காலை 6.15

புழுன்னதும் உள்ள வந்தேன். நான் இறால் குஞ்சு பொரிப்பகத்துல தாய் இறால் தொட்டி பாக்குறவன். தாய் இறாலுக்கு கணவாயும் சேத்துப்புழுவும்தான் சாப்பாடு. புழு இல்லைன்னா முட்டை சரியா வைக்காது. கழிமுகத்துல தோண்டி எடுத்துட்டு வந்து கிலோ கணக்குல குடுப்பாங்க. இடுப்பளவு சேத்துல நின்னு தோண்டுறதுல பொம்பளைங்கதான் அதிகம். இப்ப நோய் வருதுன்னு வெளிப்புழுவைப் பல இடத்துல நிறுத்திட்டாங்க.

வெட்டிப் பாத்தா ரத்தம் நல்ல சிவப்பு. மண்ணுக்குள்ள கெடக்குற புழுவுக்கு எதுக்குடா இவ்வளவு செவந்த ரத்தம்னு பல நாள் யோசிச்சிருக்கேன். ஐஸ்பெட்டி அண்ணன் சொன்ன அப்புறம்தான் புரியுது. தொட்டிக்குக் கொண்டு வர்றப்ப ஈரச் சாக்குல சுத்தி ஏழெட்டு மணி நேரம் தண்ணியே இல்லாம வரும், ஒண்ணும் ஆகாது. இறால் அப்படிக் கெடந்தா கதை முடிஞ்சுது.

ஐஸ்பெட்டி | புதன், காலை 7.02

பாத்தீங்களா, சேத்துல நிக்கிறவருக்குத்தான் கேள்வி வருது. உங்க புழு வேற இனம் தம்பி, அதே பெரிய குடும்பம். அதுவும் செல்லு இல்லாத சிவப்பு ரத்தம்தான். நாளைக்கே பக்கெட்டைத் தூக்கிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயிராதீங்க.

லேப்மேட் | புதன், மதியம் 1.30

ஒரு சந்தேகம். நான் ரத்த வங்கியில் இருக்கிறேன். செயற்கை ரத்தம் என்று அமெரிக்காவில் பல கம்பெனிகள் வருடக்கணக்காக முயன்று தோற்றதாகத்தான் படித்திருக்கிறேன். செல்லுக்கு வெளியே இருக்கும் ஹீமோகுளோபின் உடம்புக்குள் போனால் ரத்தக் குழாய் சுருங்கும், கிட்னி கெடும் என்று எங்கள் பாடத்திலேயே உண்டு. 2008இல் ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு வந்தது. இந்த வகைத் திரவங்களை ஏற்றிக்கொண்டவர்களிடம் மாரடைப்பும் இறப்பும் அதிகம் என்று அதில் காட்டியிருந்தார்கள். கிட்னியைக் கெடுக்கும் என்று பெயர் வாங்கிய சரக்கையே கிட்னியைக் காப்பாற்ற ஊற்றுகிறார்கள் என்பது எப்படி?

ஐஸ்பெட்டி | புதன், இரவு 9.48

ஐயா, சரியான இடத்துல கை வச்சீங்க. நீங்க சொல்றது முழுக்க உண்மை. உடம்புக்குள்ள ஓட விட்டா அந்தத் திரவம் ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கிற நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சுரும், குழாய் இறுகும். நம்ம ஹீமோகுளோபினோ தனியா விட்டா ரெண்டு துண்டா உடைஞ்சு கிட்னி சல்லடையில போய் அடைக்கும். நாலு பேரைச் சுமக்குற பல்லக்கு நடுவுல ஒடிஞ்ச மாதிரி. புழுவோடது சிவப்பணுவோட ஒப்பிட்டா சின்னதே தவிர, ஹீமோகுளோபின்ல அது மலை, அப்படி உடைஞ்சு விழாது. அது ஒரு காரணம்.

பெரிய காரணம் எங்க ஊத்துறோம்ங்கிறதுதான். பெட்டிக்குள்ள இருக்குற கிட்னிக்கு இரத்த அழுத்தம் கெடையாது, மாரடைப்பு வர்றதுக்கு இருதயம் கெடையாது. வேலை முடிஞ்சதும் அலசிட்டு வைக்கிறோம். ஆளுக்கு ஏத்துறதுல தோத்துப்போன சரக்கு, உறுப்புக்கு ஏத்துறதுல பொழைப்பு தேடிக்கிச்சு.

உங்களுக்கு நெதர்லாந்துக் கதை பிடிக்கும். க்ரோனிங்கன்ல ஈரல் டீம் ஒண்ணு இருக்கு. மாட்டு ரத்தத்துல இருந்து எடுத்த ஹீமோகுளோபினை சங்கிலி மாதிரி கோத்து செஞ்ச ஹீமோப்யூர்னு ஒரு சரக்கு உண்டு. தென்னாப்பிரிக்காவுல 2001லயே ரத்தசோகைக்கு அனுமதி வாங்குனது, மத்த இடத்துல விலை போகல. இவங்க அதை எடுத்து மெஷின்ல ஊத்தினாங்க. முதல்ல குளிர்ல ஆக்சிஜனோட ஓட்டுறது, அப்புறம் மெதுவா சூடேத்துறது, கடைசியில 37 டிகிரி. மூணு கட்டத்துக்கும் ஒரே திரவம். சிவப்பணுவா இருந்தா குளிர்ல ஓட்ட முடியாம நடுவுல மாத்தணும்ல, அந்த வம்பு இல்ல. வேற யாரும் வேண்டாம்னு தள்ளின 16 ஈரலை அப்படி ஓட்டிப் பாத்து, பித்தநீர் சரியா வருதான்னு சோதிச்சு, 11 ஈரலை ஆளுக்கு வச்சாங்க. 2019ல வெளிவந்துச்சு. ஆறு மாசத்துல அந்த 11 பேரும் உசுரோட இருந்தாங்க. குப்பைக்குப் போக வேண்டிய 11 ஈரல்.

இதுக்கெல்லாம் பாட்டன் ஜப்பான்ல இருக்காரு. 1988ல கோபே ஊர்ல குரோடாங்கிற டாக்டரும் கூட்டாளிகளும் கணையத்துக்கு ஒரு வித்தை பண்ணாங்க. பெர்ஃபுளூரோகார்பன்னு ஒரு திரவம், ஆக்சிஜனை எக்கச்சக்கமாக் கரைச்சு வச்சுக்கும், தண்ணியைப் போல ரெண்டு பங்கு கனம். ஒரே பாத்திரத்துல அதை ஊத்தி மேல உறுப்பு வைக்கிற வழக்கமான திரவத்தை ஊத்தினா ரெண்டும் ஒட்டாது. நம்ம வீட்ல எண்ணெய் மேல நிக்கும், இங்க கனத்த சரக்கு அடியில நிக்கும். கணையத்தைப் போட்டா ரெண்டுக்கும் நடுக்கோட்டுல மிதக்கும். கீழருந்து ஆக்சிஜன், மேலருந்து மத்த சத்து. பாக்க அவ்வளவு அழகு, நான் படத்துலதான் பாத்தேன். ஆனா மனுஷக் கணையம் தடிப்பு. ஓரத்துக்குக் கிடைச்ச ஆக்சிஜன் நடு வரைக்கும் போகல, அதனால நெனைச்ச அளவுக்கு எடுபடல. சும்மா ஊற வைக்கிறதுக்கும் ரத்தக்குழாய் வழியா உள்ள அனுப்புறதுக்கும் அதான் வித்தியாசம்.

2016 ஆடி | வியாழன், காலை 11.20

நான் 2016 ஆடி மாசம் மூளைச்சாவு கொடையாளியிடமிருந்து கிட்னி பெற்றவள். எந்த ஊர், யார் என்று எனக்குச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. ஐஸ்பெட்டி ஐயா சொன்ன "எந்திரிக்க நாளாகும்" எனக்கு நடந்தது. ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் மூத்திரம் வரவில்லை. நான்கு முறை டயாலிசிஸ் செய்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மறுநாளே ஆறு லிட்டர் வந்தது. அவர் வீட்டில் பையைத் தூக்கிக் காட்டிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். எனக்கு வைத்தது செத்த கிட்னி, என்னிடம் மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் 80 மில்லி. நர்ஸ் அந்தப் பையைக் கொண்டுவந்து காட்டியபோது அது தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. இன்று வரை ஓடுகிறது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.3.

அந்தப் பதினோரு நாளைக் குறைக்க ஒரு மருந்து இருக்கிறது என்றால், எந்தப் புழுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். உறையூர் அம்மாவிடம் சொல்லுங்கள், நானும் சைவம்தான்.

உறையூரான் | வியாழன், மாலை 5.05

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன். ஒருங்கிணைப்பாளர் மேடத்துக்கிட்ட அந்த ஆளைப் பத்திச் சொல்லிட்டேன். இதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் புகார் சொல்லியிருக்காங்களாம். நம்பரை எழுதி வாங்கிக்கிட்டாங்க.

அம்மாகிட்ட ஹெப்பாரின் விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "மருந்துக்குத் தோஷம் கிடையாது, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல"ன்னு என்னையவே திட்டுனாங்க.

ஐயா, ஒரே ஒரு கேள்வி. இங்கதான் ஆம்புலன்ஸை ரெண்டு மணி நேரத்துல கொண்டு வந்துர்றாங்களே, நமக்கு இந்த மருந்து தேவைப்படுமா?

ஐஸ்பெட்டி | வியாழன், இரவு 10.30

எல்லாரும் ரோட்டைத்தான் பாக்குறீங்க. ரோட்டுல ஓடுறது டிவியில வரும், பெட்டி உக்காந்திருக்குறது வராது.

ஒரு ராத்திரி சொல்றேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. பக்கத்து மாவட்டத்துல இருந்து கிட்னி ரெண்டு மணி பத்து நிமிஷத்துல வந்து சேந்துச்சு. வழி நெடுக போலீஸு. வாசல்ல இறக்கும்போது ராத்திரி 11.20. நான் கையில வாங்கி தியேட்டர் மேசைக்கு அடியில வச்சேன். அதுக்கப்புறம்தான் கிராஸ்மேட்ச் முடியணும். லிஸ்ட்டுல மேல இருந்த நாலு பேரோட ரத்தத்தைக் கொடையாளி செல்லோட சேத்துப் பாக்குற சோதனை அது. சீரம், அதாவது ரத்தத்துல செல்லை எடுத்தா மிஞ்சுற தெளிநீர், ஒத்துப்போகலைன்னா வச்ச கிட்னியை உடம்பே கொன்னுரும், அதனால அவசரப்படுத்த முடியாது. அன்னைக்கு லேப்புல டியூட்டியில இருந்தது ஒரே ஒரு ஆளு. முதல் ஆளுக்கு ஒத்துவரல. ரெண்டாவது ஆளு போனை எடுக்கல. மூணாவது ஆளை வெளியூர்ல இருந்து வரவச்சு, பொட்டாசியம் ஏறியிருந்ததால ஒரு டயாலிசிஸ் போட்டு, தியேட்டருக்குள்ள கொண்டு வரும்போது காலைல 7.40. நான் நடுவுல மூணு தடவை பெட்டியைத் தொறந்து வெளிப் பையில ஐஸை மாத்துனேன். ரோட்டுல ரெண்டு மணி நேரம். மேசைக்கு அடியில எட்டு மணி நேரத்துக்கு மேல. போலீஸு மறிச்சுக் குடுத்த அந்த ரோட்டுக்கு என்ன மரியாதை?

அன்னைக்குத்தான் நெனைச்சேன், இந்தப் பெட்டிக்குள்ள யாராவது கொஞ்சம் மூச்சு ஊதி விட்டா நல்லா இருக்கும்னு. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுதான் புழு செய்தியைப் படிச்சேன். பெரிய மெஷின் வாங்கணும், அதை ஓட்ட ஆள் வேணும், ராத்திரி கரண்டு போகக்கூடாதுன்னா சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு அது கனவு. இதுல இருக்குற ஐஸ் பெட்டியும் பையும் அப்படியே இருக்கட்டும், திரவத்துல மட்டும் ஒரு பாட்டிலைக் கலந்து விடுங்கங்கிறான். என்னை மாதிரி ஆளு செய்யக்கூடிய வேலை. அதனாலதான் எனக்கு இது மேல ஒரு ஆசை. நான் வேலை பாத்த வரைக்கும் எங்க தியேட்டருக்குள்ள அந்தப் பாட்டில் வந்தது இல்ல.

ஆனா அக்காவுக்கு வரிசை இதனால ஒரு படி கூட நகராது தம்பி. குடுக்குற குடும்பம் சம்மதிச்சாத்தான் பெட்டியே கெளம்பும்.

நான் சொன்ன ரெண்டாவது ஆளைக் கவனிச்சீங்களா? போனை எடுக்கல. சார்ஜ் இல்லையாம், மறுநாள் சொன்னாரு. அதுக்கு மருந்து எந்தக் கடல்லயும் கெடையாது. அதனால இதைச் செய்யுங்க. ஆஸ்பத்திரி பதிவுல ஒரு நம்பர் பத்தாது, உங்களுது, மாமாவுது, பக்கத்து வீட்டுக்காரருதுன்னு மூணு குடுங்க. கிராஸ்மேட்ச்சுக்கு வச்சிருக்குற அக்கா சீரம் எப்ப எடுத்ததுன்னு கேளுங்க, பழசா இருந்தா புதுசு குடுத்துட்டு வாங்க. நடுவுல ரத்தம் ஏத்தியிருந்தா கட்டாயம் சொல்லணும், அதுக்கு அப்புறம் புது சீரம் வேணும். எக்கோ, பல்லு, நெஞ்சு எக்ஸ்ரே ரிப்போர்ட்டெல்லாம் ஒரே ஃபைல்ல போட்டு வாசக்கதவு ஆணியில மாட்டி வைங்க. காய்ச்சல், சளின்னா உடனே சொல்லிருங்க, கூப்பிட்ட ராத்திரியில தெரிஞ்சா அந்தக் கிட்னி அடுத்த ஆளுக்குப் போறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் வீணாப் போகும்.

உறையூரான் | சனி, மதியம் 2.15

இன்னைக்கு ஷிஃப்ட் முடிச்சுட்டு வரும்போதே புது சீரத்துக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துட்டோம். பழசு ஏழு மாசம் ஆயிருக்கு. நடுவுல ஒரு யூனிட் ரத்தம் ஏத்தினது யாரும் குறிச்சு வைக்கல, நல்லவேளை கேட்டோம்.

நம்பர் மூணு இல்ல, நாலு குடுத்திருக்கோம். நாலாவது மாடி வீட்டுப் பால்காரர், அவருதான் காலைல மூணு மணிக்கே முழிச்சிருப்பாரு. பச்சைக் கலர் ஃபைல் ஆணியில தொங்குது. அக்கா சத்தத்தை முழுசா ஏத்தி வச்சு போனைத் தலைமாட்டுலயே வச்சிருக்கா. நேத்து ராத்திரி ஒண்ணரை மணிக்கு அடிச்சுச்சு. எந்திரிச்சு உக்காந்து, தலையை முடிஞ்சு, செருப்பைத் தேடிட்டா. ராங் நம்பர். யாரோ தஞ்சாவூர்ல இருந்து டிராவல்ஸ் வண்டி கேட்டாராம்.